மணி எப்போது ஒலிக்க வேண்டும்?



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலியில், நற்கருணை எழுந்தேற்றத்தின்போது பீடச் சிறுவன் சிறுமணியை அசைத்தான். ஆலயம் முழுவதும் தலைவணங்கி அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து 'டிங்' என்று இன்னொரு மணி ஒலித்தது. வயதான ஒருவர் பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. எதை அழுத்துவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கையில் மீண்டும் 'டிங்'. திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து, "மன்னிச்சிடுங்க ஃபாதர்" என்று கைகூப்பினார். அப்படி என்ன அவசரச் செய்தி என்று சேர்ந்து பார்த்தோம். இரண்டு சட்டை வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு செயலியின் விளம்பரம்!

திருப்பலிக்கு வரும்போது கைபேசியை அணைத்துவையுங்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். ஆனால் அன்று நமக்கு வேறொரு கேள்வியும் எழுந்தது. அந்த விளம்பரம் அந்த நேரத்தில் சத்தத்தோடு வர வேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? அந்தப் பெரியவர் அல்லர். எங்கோ ஓர் அலுவலகத்தில் அந்தச் செயலியை வடிவமைத்தவர்கள் தீர்மானித்தார்கள். கைபேசியின் அறிவிப்புகள், அதாவது நோட்டிஃபிகேஷன்கள், எப்படி வடிவமைக்கப்படுகின்றன, எப்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று இக்கட்டுரையில் சற்றே சிந்திப்போம். பொறியாளர்களின் காரியம்தானே இது என்று தோன்றலாம். நம் ஊரில் உயிரோடு தொடர்புள்ள காரியம் இது என்பதைப் போகப்போகக் காண்போம்.

பார்க்காவிட்டாலும் பாதிப்பு

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அதில் இருந்தது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. செய்தி வருவதே அபூர்வமாக இருந்த காலத்தில், வந்ததும் மணி ஒலிப்பதில் பொருள் இருந்தது. 2009-இல் ஐபோனிலும், அதையடுத்து ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், நிறுவனங்கள் தங்கள் கணினியிலிருந்தே நம் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி வந்தது. அன்று முதல் கடைக்காரர், வங்கி, விளையாட்டு, செய்தித்தளம் என எல்லாரும் நம் சட்டைப்பைக்குள் ஆளுக்கொரு மணியைக் கட்டிவிட்டார்கள். மணிக்கயிறு மட்டும் அவர்கள் கையில் இருக்கிறது.

"ஒலித்தால் ஒலிக்கட்டும், எடுத்துப் பார்க்காமல் இருந்தால் போயிற்று" என்று நாம் நினைக்கலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் இதைச் சோதித்தார்கள். மிகுந்த கவனம் தேவைப்படும் ஒரு வேலையைப் பலருக்குக் கொடுத்து, நடுவில் சிலருடைய கைபேசிக்கு மட்டும் அழைப்போ செய்தியோ வரச் செய்தார்கள். கைபேசியை எடுத்துப் பார்க்காவிட்டாலும், அறிவிப்பு வந்தவர்கள் அதிகப் பிழைகள் செய்தார்கள். யாராக இருக்கும், என்னவாக இருக்கும் என்று மனம் வேலையை விட்டு வெளியே போய்விடுகிறது. செபத்தில் அமர்ந்திருப்பவருக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும், இருசக்கர வாகனம் ஓட்டுபவருக்கும் இது பொருந்தும்.

ஆலய மணியும் மலைத் தீபமும்

தொந்தரவு தராமல் ஒன்றை அறிவிக்க முடியாதா? நம் முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஆலய மணியை எடுத்துக்கொள்வோம். காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபத்திற்கு அது மும்மூன்றாக ஒலிக்கும். திருப்பலிக்கு வேறு விதமாக ஒலிக்கும். யாரேனும் இறந்தால் இடைவெளி விட்டு மெல்ல ஒலிக்கும். வயலில் நிற்பவர் குனிந்த தலை நிமிராமலே இது எதற்கான மணி என்று அறிந்துகொள்வார். துக்க மணி என்றால் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு, யார் வீட்டில் என்று விசாரிக்க வருவார். செய்தியின் தன்மை ஒலியிலேயே இருக்கிறது. நம் கைபேசியிலோ சாவுச் செய்திக்கும் சட்டை விளம்பரத்திற்கும் ஒரே 'டிங்'.

நம் திருவண்ணாமலையில் இன்னொரு காட்சியும் உண்டு. கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. சுற்றுப்புற ஊர்களில் நம் இந்துச் சகோதர சகோதரிகள் மலையை நோக்கிக் காத்திருந்து, அந்தச் சுடர் தெரிந்ததும் தங்கள் வீடுகளில் விளக்கேற்றுகிறார்கள். எவருடைய கதவையும் தட்டாமல், எவருடைய உறக்கத்தையும் கலைக்காமல், காத்திருப்போர் அனைவருக்கும் ஒரே நொடியில் செய்தி போய்ச் சேருகிறது.

கணினி உலகிலும் இதைச் சிந்தித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் வைசர், ஜான் சீலி பிரவுன் ஆகிய இருவரும் 1995-இல் 'அமைதியான தொழில்நுட்பம்' என்ற கருத்தை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு கயிறு. நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர், ஏறத்தாழ 8 அடி நீளப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றைக் கூரையில் ஒரு சிறு மோட்டாரிலிருந்து தொங்கவிட்டு, மோட்டாரைக் கணினி வலைப்பின்னலோடு இணைத்தார். வலைப்பின்னலில் தகவல் குறைவாகப் போனால் கயிறு அவ்வப்போது துடிக்கும். அதிகமாகப் போனால் வேகமாகச் சுழன்று ஓசை எழுப்பும். அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை நிறுத்தாமலே நிலைமையை அறிந்தார்கள். அடுப்பில் சோறு கொதிக்கும் ஓசையைக் காதோரம் வாங்கிக்கொண்டே காய் நறுக்கும் நம் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நல்ல வடிவமைப்பின் கேள்விகள்

அறிவிப்பை வடிவமைப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது, இது எவ்வளவு முக்கியம்? 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகைவகையாகப் பிரித்துத் தர வேண்டும். திரையின் மேல் தோன்றி ஒலிப்பது, ஒலி மட்டும் எழுப்புவது, ஓசையின்றி வருவது, பட்டியலின் அடியில் கிடப்பது என முக்கியத்துவத்திற்கு நான்கு படிகள் உண்டு. ஐபோனிலும் 2021 முதல் இப்படி நான்கு நிலைகள் உள்ளன. மௌனத்தில் இருக்கும் கைபேசியையும் ஒலிக்கச் செய்யும் மிக உயர்ந்த நிலையைப் பயன்படுத்த, நிறுவனத்திடம் தனி அனுமதி பெற வேண்டும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி நம்மிடம் அனுமதி கேட்டுத்தான் அறிவிப்பு அனுப்ப முடியும். கேட்டதற்கெல்லாம் யோசிக்காமல் 'சரி' என்று அழுத்துகிறவர்கள் நாம்தான்.

இரண்டாவது, எப்போது? நம் நாட்டில் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதி, இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்புவதைத் தடுத்தது. விளம்பரமே வேண்டாம் என்போர் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் செயலிகளின் அறிவிப்புகள் இந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன.

நேரம் குறித்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு நம்மை வியக்க வைத்தது. 237 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்கு அறிவிப்புகள் வழக்கம்போல வந்தன. சிலருக்குச் சேர்த்துவைத்துக் குறித்த நேரங்களில் தரப்பட்டன. சிலருக்கு ஒன்றுமே தரப்படவில்லை. நாளுக்கு மூன்று முறை மட்டும் மொத்தமாகப் பெற்றவர்கள் கூடுதல் கவனத்தோடும் நல்ல மனநிலையோடும் இருந்தார்கள். ஒன்றுமே பெறாதவர்களுக்கோ, எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. முற்றிலும் மௌனம் தீர்வாகவில்லை. நாளுக்கு மூன்று வேளை நன்மை தந்தது. மூவேளை மணியோடு வளர்ந்த நமக்கு இந்த எண்ணிக்கை புதிதல்லவே!

மூன்றாவது, எப்படிச் சொல்வது? 'உங்களுக்கு ஒரு செய்தி காத்திருக்கிறது' என்று ஆசைகாட்டுவது ஒருவகைத் தூண்டில். 'உங்கள் பேருந்து 20 நிமிடம் தாமதம்' என்று முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டால் கைபேசியைத் திறக்கவே வேண்டாம். அதே வேளையில், மருத்துவப் பரிசோதனை முடிவு போன்றவை பூட்டிய திரையில் அடுத்தவர் கண்ணில் படும்படி வரக்கூடாது. பிறர் மானத்தைக் காப்பதும் வடிவமைப்பின் கடமையே.

உரக்க ஒலிக்க வேண்டிய நேரம்

எல்லா அறிவிப்பும் மெல்ல வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. விழிப்பாயிருக்கச் சொல்லும் நற்செய்தி அன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அன்று மாலை நம் மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் பிள்ளைகள். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. போதிய முன்னறிவிப்பு இருந்ததா என்ற கேள்வி எழுந்தது. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்ததாக அரசு விளக்கம் தந்தது.

அந்த வாதத்திற்குள் நாம் போக வேண்டியதில்லை. எச்சரிக்கை அனுப்பப்படுவது ஒன்று. நள்ளிரவில் உறங்குகிறவரை அது எழுப்புவது வேறொன்று என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம்.

இதற்காகவே 'செல் பிராட்காஸ்ட்' என்ற முறை உள்ளது. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். ஆபத்து நேரத்தில் நெரிசலில் சிக்கித் தாமதமாகலாம். செல் பிராட்காஸ்ட் வானொலி போன்றது. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகள் அனைத்திற்கும் ஒரே வேளையில் போய்ச் சேரும். யாருடைய எண்ணும் தேவையில்லை. வழக்கமான ஒலியிலிருந்து வேறுபட்ட, உரத்த ஒலியோடு வரும். 2023 அக்டோபர் 20 அன்று தமிழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, 'இது சோதனைச் செய்தி' என்று அதிலேயே எழுதியிருந்தும் நம்மில் பலர் திடுக்கிட்டோம். திடுக்கிட வைப்பதுதான் அதன் வேலை.

ஆனால் நாள் முழுவதும் திடுக்கிட்டுக்கொண்டே இருப்பவர் ஒரு கட்டத்தில் எதற்கும் திடுக்கிடமாட்டார். புலி வருது கதையை நாம் அறிவோம். அதில் ஊரார் வராமல் போனதற்குக் காரணம் அவர்களுடைய கல்நெஞ்சம் அல்ல. வெற்றுக் கூச்சலைக் கேட்டுக்கேட்டு அவர்கள் காது பழகிப்போயிருந்தது.

நம் பங்கில் நடந்தது

இதை எழுதும் நாமும் குற்றமற்றவர் அல்லர். நம் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் காலை 5 மணிக்கு இறைவார்த்தைப் படத்தை நாமே அனுப்பிவந்தோம். அதன்கீழ் நாற்பது 'ஆமென்'கள், காலை வணக்கங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள். பங்கு எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்று மகிழ்ந்தும் போனோம்.

ஓர் இரவு, பேறுகாலத்தில் இருந்த ஒரு சகோதரிக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை என்று அவர் குடும்பத்தார் அந்தக் குழுவில் கேட்டார்கள். ஒரு மணி நேரமாகியும் ஒரு பதிலும் இல்லை. அந்த வகை இரத்தம் உள்ள இளைஞர் ஒருவர் ஆலயத்திற்கு இரண்டு தெரு தள்ளியே இருக்கிறார். அவர் மறுநாள் காலையில்தான் பார்த்தார், பதறியடித்து ஓடிவந்தார். "ஃபாதர், தினமும் நூறு மெசேஜ் வருது. எப்பவோ மியூட்ல போட்டுட்டேன்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இறைவன் அருளால் வேறொருவர் வழியாக இரத்தம் கிடைத்து, தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள். அந்த இளைஞரை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவரைக் காதை மூடிக்கொள்ள வைத்தவர்கள் நாம்தான்.

அந்த வாரமே குழுவை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் மரணம், இரத்தம், பேரிடர், திருப்பலி நேர மாற்றம் ஆகியவை மட்டும் வரும். பொறுப்பாளர் மூவர் மட்டுமே அதில் அனுப்ப முடியும். அதை யாரும் மியூட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். மற்றொன்றில் வாழ்த்தும் இறைவார்த்தையும் தொடரும். விரும்புவோர் விரும்பும் நேரத்தில் பார்க்கலாம். முதல் குழுவில் சில வாரங்கள் ஒரு செய்திகூட வருவதில்லை. ஆனால் கடந்த மாதம் இரவு 11 மணிக்கு ஒரு மரணச் செய்தி போனபோது, அரை மணி நேரத்தில் அந்த வீட்டு வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள்.

நாம் செய்யக்கூடியவை

இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குவோம். அறிவிப்பு ஒன்று வந்தால் அதை நீண்டநேரம் அழுத்திப் பிடித்தால் போதும். அதை மௌனமாக்கவோ நிறுத்தவோ வழி காட்டும். கடைகளையும் விளையாட்டுகளையும் நிறுத்துவோம். குடும்பத்தார், மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி ஆகியோரின் அழைப்புக்கு மட்டும் தனி ஒலி வைப்போம். அமைப்புகளில் 'அவசரகால எச்சரிக்கைகள்' என்ற பகுதி இருக்கும். அது அணைந்திருந்தால் இயக்கிவைப்போம். கண் தெரியாத பெரியவர்களுக்கு இளைஞர்கள் இதைச் செய்து கொடுக்கட்டும். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் இளையோர் இயக்கத்தினர் ஆலய முற்றத்தில் இதற்கென்றே அமர்ந்திருப்பார்கள். மூன்றாவது வரிசைப் பெரியவர் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு செய்தியை அனுப்புமுன் நாமும் கேட்டுக்கொள்வோம்: இதற்காக ஒருவர் வீட்டுக்கு இந்நேரத்தில் நடந்துபோய்க் கதவைத் தட்டுவோமா? தட்டுவோம் என்றால் அனுப்புவோம். இல்லையென்றால் அது காலைவரை காத்திருக்கட்டும்.