கைப்பேசியில் வந்த முட்டை

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் காண வருவோர், இராசேந்திர சோழன் அமைத்த சோழகங்கம் என்னும் பேரேரியையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். அவ்வூருக்கு மேற்கே அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில், சோழர் காலத்துக்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடல் அலைமோதிக் கிடந்தது என்பதைப் பலர் அறியார். இன்று சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அக்கடல் விட்டுச்சென்ற செல்வமே.

2020 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே ஓர் ஏரியில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. யாரோ படம் பிடித்தார். யாரோ "டைனோசர் முட்டை" என்றெழுதி அனுப்பினார். அவ்வளவுதான்! கைப்பேசி உள்ள வீடுதோறும் அம்முட்டை வந்து சேர்ந்தது. நிலவியல் அறிஞர்கள் பார்த்து, அவை முட்டைகள் அல்ல என்று விளக்கினார்கள். அம்மோனைட்டு என்பது நத்தைபோலச் சுருண்ட ஓடும் கணவாயின் உறவும் உடைய கடலுயிர். அது மடிந்து சேற்றில் புதைந்தபின், அதனைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிந்து படிந்து கல்லுருண்டையாக இறுகிவிடும். அவ்வினம் உலகைவிட்டு மறைந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இதில் நாம் கருதிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. அப்பொய்க்குப் பக்கத்திலேயே ஒரு மெய் இருந்தது. 2009 இல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டைனோசர் முட்டைப் படிமங்களையே கண்டெடுத்தனர். ஆதலால்தான் 2020 இன் வதந்தி எளிதில் நம்பப்பட்டது. முழுப் பொய்யை யார் நம்புவார்? 2018 ஆம் ஆண்டு உலக சமூகத்தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் இதையே எடுத்துரைத்தார். ஏதேன் தோட்டத்துப் பாம்பே முதல் பொய்ச்செய்தியைப் படைத்தது என்றார். அப்பாம்பும் உண்மைபோலத் தோன்றும் ஒன்றைத்தான் ஏவாளிடம் சொல்லிற்று.

கல்லை முட்டை என்பதால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடில்லைதான். எனினும், பாராமல் அனுப்பும் அதே விரல்தான் மற்றதையும் அனுப்புகிறது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் நடமாடுகிறார்கள் என்ற வாட்சப் செய்தி வட மாவட்டங்களெங்கும் பரவிக்கிடந்தது. அப்போது குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து உறவினருடன் வந்த முதிய பெண்மணி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். ஊரார் திரண்டு அடித்தனர்; அவர் உயிர் நீத்தார். உடன் வந்தோரும் படுகாயமுற்றனர். அச்செய்தியை அனுப்பியவர்களில் ஒருவரும் கையில் தடி எடுக்காதிருந்திருக்கலாம். பிள்ளைகளின் மேலுள்ள அன்பினாலேயே அனுப்பிய தாய்மாரும் இருந்திருப்பர். எட்டாம் கட்டளையை நாம் நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்! அவ்வாண்டு சூலையில் வாட்சப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு கட்டியது. ஐந்து என்பதும் சிறிய எண்ணிக்கை அன்று.

அரசியற் செய்தியானால் சொல்லவே வேண்டா. 2025 சூலை 27 அன்று பிரதமர் மோடி ஆடித் திருவாதிரை விழாவுக்காகக் கங்கைகொண்ட சோழபுரம் வந்து, இராசேந்திரன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். இத்தகைய நாள்களில் ஒரே படத்தைக் கண்டு அண்ணன் மகிழ்கிறான், தம்பி கொதிக்கிறான். இரவுச் செபமாலைக்கு இருவரும் முகங்கொடுத்துப் பேசாமல் உட்காருகிறார்கள். தலைவர்களோ இவர்களை அறியவும் மாட்டார்கள்.

இனிய செய்திகள் ஏனோ இவ்வளவு விரைவாய்ப் பறப்பதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024 சனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் அங்கு வருகின்றன. நம் பங்குகளில் எத்தனை பேர் இதைப் பிறருக்கு அனுப்பினோம்?

அரியலூரை அடுத்த வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிமங்களுக்கென்றே அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குக் குடும்பத்தோடு செல்வோர், ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் இவற்றையும் பார்க்கலாம். எது கல், எது மரம் என்று பிள்ளைகளே கண்டு சொல்லட்டும்.