தம்பானூரில் வந்து இறங்கும் பெண்ணுக்கு

தம்பானூரில் ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வருபவர்கள் பெரும்பாலும் இறங்குவது இங்கேதான். அடி தாங்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பெண்ணும் இங்கே வந்து இறங்கலாம். ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் அவளுடைய முதல் கவலை. சட்டமெல்லாம் அப்புறம்.

படுக்க இடம் இருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் இரவில் இலவசமாகத் தங்குவதற்காகக் கேரள அரசு தம்பானூர் பேருந்து முனையக் கட்டடத்திலேயே 'என்றெ கூடு' என்ற தங்குமிடத்தைத் தொடங்கியது. அது சில இரவுகளுக்குத்தான். அதற்கு மேல் 181 என்ற உதவி எண். கேரளத்தில் 2017 முதல் 'மித்ரா' என்ற பெயரில் இயங்கும் இந்த எண், காவல்துறை, மருத்துவமனை, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி ஒன் ஸ்டாப் சென்டர் எல்லாவற்றுக்கும் வழிகாட்டும். தமிழ்நாட்டிலும் இதே எண்தான். கேரளப் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் 'ஸ்நேகிதா' மையங்களிலும் தற்காலிகமாகத் தங்கலாம்.

இத்தனை இருந்தும் பெண்கள் அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போகிறார்களே, ஏன்? ஸ்டேஷனில் "இது எங்க லிமிட் இல்லம்மா" என்பார்கள். மருத்துவமனையில் "போலீஸ் லெட்டர் கொண்டு வாங்க" என்பார்கள். காப்பகத்தில் "எஃப்.ஐ.ஆர். காப்பி எங்கே?" என்பார்கள். பட்ட அடியை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும்.

இந்த மூன்று பதில்களையும் சட்டம் ஏற்பதில்லை. கைதுக்குரிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண், தஞ்சம் புகுந்த ஊரிலேயே வரதட்சணைக் கொடுமை வழக்குத் தொடரலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனுச் செய்யலாம். முன்கூட்டியே குடும்ப வன்முறை அறிக்கை பதிவாகவில்லை என்று சொல்லிக் காப்பகமோ மருத்துவமனையோ அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. அறிக்கை இல்லையென்றால் மருத்துவமனையே அதை எழுதி, இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவரிடம் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கூட வந்தவர் "படியில விழுந்துட்டா" என்று சொன்னால் மருத்துவமனையின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் அப்படியே பதிவாகிவிடும். பிறகு நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியே எதிராக நிற்கும். அடித்தது யார், எதனால், எப்போது என்பதை உங்கள் வாயாலேயே சொல்லி எழுதச் சொல்லுங்கள். கேரளத்தின் பல அரசு மருத்துவமனைகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்றே 'பூமிகா' மையங்கள் 2009 முதல் வந்திருக்கின்றன. கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லித் தனியாகப் பேசலாம்.

காவல்துறை, நீதிமன்றம், காப்பகம் எல்லாம் சேர்ந்து ஒரே திட்டத்தில் இயங்கும் முறையை அமெரிக்காவின் துலூத் நகரம் 1981இலேயே தொடங்கிவிட்டது. நம் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அந்த வேலை பாதுகாப்பு அலுவலருடையது. சிகிச்சை, தங்குமிடம், இலவச வக்கீல் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்வது அவருடைய கடமை. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வக்கீலுக்கு 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணையும் அழைக்கலாம். பெண்களுக்கு இதில் வருமான வரம்பே கிடையாது. "சமாதானமா போங்க" என்று ஸ்டேஷனிலேயே கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ் கவுன்சலிங்குக்கு அனுப்பும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்குத்தான். அங்கேயும் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க ஆணுக்கு இடமில்லை.

மனுக் கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிவு என்பது சட்டத்தின் கணக்கு. நடப்பில் இழுக்கும். அதனால் மனுவோடு சேர்த்து 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். உத்தரவின் நகலை உங்களுக்கும் உங்கள் பகுதி ஸ்டேஷனுக்கும் இலவசமாகத் தர வேண்டியது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஸ்டேஷனுக்கு நகல் வந்து சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறி அவன் வாசலுக்கு வந்தால் அதுவே தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு.