அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பதிவு வேண்டுமா? இங்கிலாந்தில் 'சைல்டுமைண்டர்' ஆவது எப்படி?

"அக்கா, திங்கட்கிழமையில இருந்து நான் வேலைக்குப் போறன். என்ர பிள்ளையையும் உங்கட பிள்ளையோட சேர்த்துப் பாப்பீங்களே? மாசம் மாசம் காசு தாறன்."

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வசிக்கும் தமிழ்ப் பெண்கள் பலருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்பவர் தெரிந்தவர். பிள்ளையும் வீட்டில் ஓடி விளையாடிப் பழகிய பிள்ளை. "அதுக்கென்ன, கொண்டுவந்து விடுங்கோ" என்றுதான் வாய் வரும். ஆனால், பதிவு செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தையைப் பார்த்தால், இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம்!

அதையே முறையாகப் பதிவு செய்துகொண்டால், வீட்டை விட்டு வெளியே போகாமல் சம்பாதிக்கக்கூடிய கௌரவமான சுயதொழில். அதற்குப் பெயர்தான் சைல்டுமைண்டர்.

யாருக்குப் பதிவு கட்டாயம்?

8 வயதுக்கு உட்பட்ட பிறர் குழந்தையை, உங்கள் வீட்டில், ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல், பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் 'ஆஃப்ஸ்டெட்' என்ற அரசு அமைப்பிடமோ, அங்கீகாரம் பெற்ற சைல்டுமைண்டர் ஏஜென்சியிடமோ பதிவு செய்ய வேண்டும். 2006-ம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் சொல்வது இது.

பேரன் பேத்தியையோ, அண்ணன் தங்கை பிள்ளைகளையோ பார்த்துக்கொள்ளப் பதிவு தேவையில்லை. குழந்தையின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்பவர் 'நானி'. அவருக்கும் கட்டாயமில்லை. மாலை 6 மணி முதல் இரவு 2 மணி வரை மட்டும் பார்த்துக்கொள்ளும் பேபிசிட்டருக்கும் விலக்கு உண்டு.

2009-ல் ஒரு சம்பவம். பெண் போலீஸ் அதிகாரிகள் இருவர் வேலை நேரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்து வந்தார்கள். காசு எதுவும் கைமாறவில்லை. ஆனாலும், பதிலுக்குப் பதில் பார்ப்பதும் ஒரு வகைப் பலன்தான் என்று சொல்லி, அது விதிமீறல் என்றது ஆஃப்ஸ்டெட். நாடே கொதித்த பிறகு, நண்பர்களுக்குள்ளான இத்தகைய ஏற்பாட்டுக்கு அரசு விலக்கு அளித்தது. காசு வாங்கினால் அந்த விலக்கு கிடையாது.

படிப்பு வேண்டாம், பயிற்சி வேண்டும்

டிகிரியோ டிப்ளமாவோ கட்டாயம் இல்லை. ஆனால், மூன்று விஷயங்களில் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி. சிறு குழந்தைகளைப் பார்க்க 12 மணி நேர முழுப் பயிற்சி தேவை. தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது, மூச்சு நின்றுபோனால் எப்படி மீட்பது, தீக்காயத்துக்கு என்ன முதலுதவி என்று செய்து காட்டிப் பழக்குவார்கள். சான்றிதழை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி. ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்ற சந்தேகம் வந்தால் எந்த அறிகுறிகளைக் கவனிப்பது, எதைக் குறித்து வைப்பது, கவுன்சிலில் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் இதில் வரும். "அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு?" என்று இந்தத் தொழிலில் ஒதுங்க முடியாது.

மூன்றாவது, 'இ.ஒய்.எஃப்.எஸ்.' எனப்படும் ஆரம்பப் பருவப் பாடத்திட்டம். 2008 முதல் நடைமுறையில் இருக்கும் இதில் 7 கற்றல் பகுதிகள் உள்ளன. பேச்சு, உடல் வளர்ச்சி, மனம் மற்றும் பழகும் தன்மை ஆகிய மூன்றும் அடிப்படை. எழுத்து, கணக்கு, உலகைப் புரிந்துகொள்ளுதல், கலை ஆகிய நான்கும் அவற்றின் மேல் அமைந்தவை. பயந்துவிட வேண்டாம். தோட்டத்தில் நத்தையைப் பார்ப்பதும், படிக்கட்டை எண்ணிக்கொண்டே இறங்குவதும்கூட இந்தப் பாடம்தான். அதை நீங்கள் தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் சோதனை

பலர் தடுமாறும் இடம் இது. உங்களுக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் வசிக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் 'டி.பி.எஸ்.' என்ற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. கணவர், கல்லூரி போகும் மகன், மாமியார், மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் பையன் எல்லோருமே இதில் அடக்கம். பிறகு யாராவது புதிதாகக் குடிவந்தால், 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் வெளிநாட்டில் வசித்திருந்தால், அந்த நாட்டிலிருந்தும் குற்றப் பின்னணிச் சான்று கேட்பார்கள். எனவே, ஊரிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள் அந்தச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பம் ஆன்லைனில்தான். உடல்நலம் பற்றிய உறுதிமொழி, உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் விவரம், முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 5 வயது வரையிலான குழந்தைகளைப் பார்க்க 'ஆரம்பப் பருவப் பதிவேடு', அதற்கு மேற்பட்டவர்களைப் பார்க்க 'குழந்தைப் பராமரிப்புப் பதிவேடு'. இரண்டிலும் சேரலாம். எல்லாம் முடிந்து அனுமதி கைக்கு வர மூன்று மாதம் வரை ஆகலாம்.

இதற்கிடையே அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருவார். மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு இருக்கிறதா, மருந்தும் கிளீனிங் திரவங்களும் எட்டாத உயரத்தில் இருக்கின்றனவா, புகை அலாரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பிறகு கேள்விகள் வரும். "ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பது போன்ற கேள்விக்கு, "ரெண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. அடிப்பது மட்டுமல்ல, அடிப்பேன் என்று மிரட்டுவதும் விதிமீறல்.

சாப்பாட்டு விஷயத்திலும் நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது. 5 வயதுக்குள் முழு நிலக்கடலை, முந்திரி வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் தர வேண்டும். குழந்தை சாப்பிட்டு முடிக்கும் வரை கண்ணெதிரே இருக்க வேண்டும்.

எத்தனை குழந்தைகள்?

ஒருவர் ஒரே நேரத்தில் 8 வயதுக்கு உட்பட்ட 6 குழந்தைகள் வரை பார்க்கலாம். அவர்களில் 5 வயதுக்கு உட்பட்டவர்கள் 3 பேர். அந்த மூவரிலும் ஒரு வயது ஆகாத குழந்தை பொதுவாக ஒன்றுதான். உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்வார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தமிழ் ஒரு குறை அல்ல

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராதே" என்று தயங்குபவர்கள் உண்டு. குறிப்பு எழுதவும், அவசரத்துக்கு ஆம்புலன்ஸை அழைத்து விவரம் சொல்லவும், பெற்றோரிடம் பேசவும் போதிய ஆங்கிலம் தேவைதான். ஆனால், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு, அந்தத் தாய்மொழியில் பேசவும் விளையாடவும் வாய்ப்பு தர வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. நிலாச்சோறு ஊட்டுவதும், "சாய்ந்தாடு" என்று மடியில் வைத்து ஆட்டுவதும் இங்கே தகுதிதான். ஆங்கிலமும் சேர்ந்து வளர வேண்டும் என்பதே நிபந்தனை.

பதிவால் என்ன லாபம்?

பதிவு பெற்றவரிடம் பிள்ளையை விட்டால்தான் பெற்றோருக்கு அரசு உதவி கிடைக்கும். வரியில்லாக் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில் பெற்றோர் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 2,000 பவுண்டு வரை இப்படிக் கிடைக்கலாம். 2025 செப்டம்பர் முதல், தகுதியுள்ள வேலை பார்க்கும் பெற்றோரின் 9 மாதக் குழந்தை முதலே வாரம் 30 மணி நேரப் பராமரிப்பு, ஆண்டில் 38 வாரங்களுக்கு அரசு செலவில் கிடைக்கிறது. கவுன்சிலுடன் ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்தப் பணம் சைல்டுமைண்டருக்கும் வரும். ஆனால் சொந்தப் பேரனுக்கோ மருமகளுக்கோ இந்தப் பணம் கிடைக்காது.

பெரிய லாபம் இன்னொன்று இருக்கிறது. பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத வீட்டில் ஒரு குழந்தை படியிலிருந்து விழுந்தால், அடிபடுவது குழந்தைக்கு மட்டுமல்ல. இரண்டு குடும்பங்களின் உறவும் அங்கேயே முறிந்துபோகும்.

தொடங்கும் முன் சரிபாருங்கள்

* உங்கள் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இருக்கிறதா? மாணவர் விசாவில் முடியாது.
* வாடகை வீடா? உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.
* பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்தாகிவிட்டதா? குழந்தைகளைக் காரில் அழைத்துச் செல்வதாக இருந்தால், கார் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லுங்கள்.
* வருமான வரித்துறையில் சுயதொழில் செய்பவராகப் பதியுங்கள். ஹீட்டிங், மின்சாரச் செலவில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.
* ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பதிவு அமைப்புகளும் விதிகளும் வேறு. அங்கிருப்பவர்கள் அந்தந்த அமைப்பையே அணுக வேண்டும்.

இங்கிலாந்தில் 2012-ல் 50 ஆயிரத்துக்கும் மேல் இருந்த சைல்டுமைண்டர்கள் இன்று 30 ஆயிரத்துக்கும் குறைவு. பிள்ளையை விட இடம் தேடி அலையும் தாய்மார்களோ குறையவில்லை. எனவே, அடுத்த முறை யாராவது "அக்கா, பாப்பீங்களே?" என்று கேட்டால், உடனே தலையாட்டவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "மூன்று மாசம் பொறுங்கோ, பதிஞ்சிட்டுப் பாக்கிறன்" என்று சொல்லுங்கள்!