வெளியே பழைய அம்பாசிடர்... உள்ளே புது 'செட்'! கண்ணில் படாமல் மாட்டுவது எப்படி?

சென்னை,

மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர்தான் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1970-களில் நடக்கும் கதை என்றால் சினிமாக்காரர்கள் முதலில் தேடுவதும் அம்பாசிடரையும் பியட்டையும்தான்.

ஆனால் புதுசாக வாங்க முடியாது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் உற்பத்தி நின்று போனது. பிரிமியர் பத்மினி அதற்கும் முந்தியே நின்றுவிட்டது. நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1970-களின் தொடக்கத்தோடு சரி. இருக்கிற வண்டிகளை வைத்துத்தான் பிழைப்பு.

இதில் வண்டிக்காரருக்கு ஒரு இக்கட்டு. வண்டியில் ஏறுகிறவர்கள் "பாட்டு இல்லையாண்ணே?" என்று கேட்கிறார்கள். சரி என்று ஒரு செட் வாங்கி டாஷ்போர்டை அறுத்து மாட்டினால், நீல கலர் லைட்டோடு அது பல்லை இளிக்கும். ஷூட்டிங்குக்கு வண்டி பார்க்க வருபவர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு போய்விடுவார். விற்கலாம் என்று போனாலும் அறுத்த டாஷ்போர்டை காட்டியே விலையை அடிப்பார்கள்.

பாட்டு கேட்க வேண்டும், செட் கண்ணில் படக்கூடாது. இதற்கு வழி இருக்கிறது. ஆனால் இடம் தேடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கரண்டு. அங்கேதான் பல பேர் கையை சுட்டுக்கொள்கிறார்கள். சில சமயம் வண்டியையே.

டைனமோ தாங்குமா?

இந்தக் கால கார்களில் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. பழைய மாடல்களில் டைனமோ. அது முழு வேகத்தில் சுற்றினாலே சுமார் 20 ஆம்பியர்தான் கொடுக்கும். 12 வோல்ட்டோடு பெருக்கினால் 240 வாட்ஸ். முழு வண்டிக்கும் அவ்வளவுதான் படி அளக்கும்.

ராத்திரி நேரம், ஹெட்லைட் இரண்டும் எரிகிறது என்று வையுங்கள். அதற்கே 8 முதல் 10 ஆம்பியர் போய்விடும். இக்னிஷன் காயிலுக்கு 3, 4. மழை வந்து வைப்பர் போட்டால் இன்னும் 2, 3. பின் லைட், மீட்டர் லைட் எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 4, 5 ஆம்பியர்தான். சிக்னலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோ சார்ஜே ஏற்றாது. அந்த நேரம் எல்லாமே பேட்டரியில் இருந்துதான் போகும்.

இந்த நிலைமையில் டிக்கி முழுக்க ஊபரும் 1000 வாட்ஸ் ஆம்பும் மாட்டினால் என்ன ஆகும்? நாலு நாளில் பேட்டரி படுத்துவிடும்.

கடையில் அட்டைப்பெட்டி மேல் '4x50 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே இருக்கும் சில்லு நிஜமாக, சத்தம் உடையாமல் கொடுப்பது ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் வாக்கில்தான் இருக்கும். அது போதும். சாதாரணமாக பாட்டு கேட்கும்போது அப்படிப்பட்ட ஆம்ப் சராசரியாக இழுப்பது 2 முதல் 4 ஆம்பியர்தான். டைனமோ வண்டிக்கு இதுதான் ஏற்ற அளவு. 'கிளாஸ் டி' ரகம் கேட்டு வாங்கினால் சூடும் குறைவு, பெட்டியும் சின்னது, ஒளிக்கவும் லேசு.

பாசிட்டிவ் எர்த் வண்டியா?

இதை பார்க்காமல் கை வைத்தால் புது ஆம்ப் ஒரே நொடியில் புகை விடும்.

இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை பாடியில் பிடித்திருப்பார்கள். 1950, 60-களின் பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் தலைகீழ். பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். அம்பாசிடரே மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வாரிசுதான். ஹெரால்டு டிரயம்ப் வீட்டுப் பிள்ளை. அதனால் ரொம்ப பழைய வண்டி என்றால் பேட்டரியில் எந்த முனை பாடிக்கு போகிறது என்று முதலில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முந்தைய ஓனர் மாற்றியும் இருக்கலாம். புத்தகத்தை நம்பாதீர்கள், வயரை நம்புங்கள்.

பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் நெகட்டிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியை திருப்பி வைத்தால் மட்டும் வேலை முடியாது. டைனமோவுக்கு பீல்டு முனையில் பேட்டரி கரண்டை ஒரு தட்டு தட்டி காந்தத்தை திருப்ப வேண்டும். காயில் வயர் இரண்டையும் மாற்றிப் போட வேண்டும். ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதன் வயரையும் மாற்ற வேண்டும். வண்டியில் அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதை கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலையை தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ரேடியோ போச்சு. இது பழைய வண்டி எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. செட் மாட்டும் பையனிடம் விடக்கூடாது.

தீ விபத்துக்கு காரணம்

பழைய வண்டிகளில் பியூஸ் பெட்டியை திறந்தால் இரண்டே இரண்டு பியூஸ்தான் இருக்கும். பல வயர்களுக்கு பியூஸே கிடையாது. வயர்களின் மேலே சுற்றியிருக்கும் துணியும் ரப்பரும் காய்ந்து, தொட்டால் உதிரும். அந்த வயரில் இருந்தே "இதுலயே ஒரு டேப்பிங் எடுத்துக்கலாம்ணே" என்று ஒருவர் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வண்டியை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

ஆம்புக்கு கரண்டு நேராக பேட்டரியில் இருந்து, தனி வயரில் வர வேண்டும். பேட்டரியை விட்டு ஒரு ஜாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். பியூசை ஆம்ப் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு சும்மா இருக்கிறவர்கள் உண்டு. நடுவழியில் வயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் அந்த பியூஸ் எரியாது, வயர்தான் எரியும். இருக்கை பஞ்சும் பெட்ரோல் பைப்பும் பக்கத்திலேயே இருக்கின்றன.

வயர் 4 சதுர மில்லி செம்பு வயராக இருக்கட்டும். நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. வேண்டாம். பானட்டில் இருந்து உள்ளே வரும் தகர ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். புது ஓட்டை போட வேண்டாம், ஸ்பீடோமீட்டர் கேபிள் வரும் வழி மாதிரி ஏற்கனவே இருக்கும் ஓட்டைகளே போதும். தரையில் டிரில் போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து பாருங்கள், பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் அந்த வழியாகத்தான் ஓடும்.

எங்கே ஒளிப்பது?

அம்பாசிடரில் இது பெரிய தொல்லையே இல்லை. முன்னால் சோபா மாதிரி நீள சீட். அதற்கு அடியில் இருக்கும் இடத்தில் ஆம்பை படுக்க வைத்தால் யாருக்கும் தெரியாது. மேலே துணி மூடிவிடாமல் கொஞ்சம் காற்று போகட்டும். மழைக்காலத்தில் தரைக்குள் தண்ணீர் வரும் வண்டி என்றால், ஒரு பலகை அடித்து இரண்டு விரல் உயரத்தில் வையுங்கள்.

செட் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. தீப்பெட்டி அளவில் புளூடூத் ரிசீவர் கிடைக்கிறது. அதை டாஷ்போர்டுக்கு பின்னால் ஒட்டிவிட்டால் போன்தான் செட். சத்தம் கூட்டுவது, பாட்டு மாற்றுவது எல்லாம் சட்டைப் பையில் இருந்தே முடியும். ரிசீவருக்கும் ஆம்பை எழுப்பும் வயருக்கும் கரண்டு சாவி போட்டால் மட்டும் வருகிற மாதிரி இருக்க வேண்டும். மறந்தால் வண்டி ஷெட்டில் நிற்கும்போதே பேட்டரியை உறிஞ்சும்.

ஸ்பீக்கர்தான் கஷ்டம். ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் பேஸ் செத்துவிடும். அதனால் சும்மா தொங்கவிட்டால் தகர டப்பா சத்தம்தான் வரும். பலகையிலோ பெட்டியிலோ இறுக்கமாக உட்கார வேண்டும்.

பின் சீட்டுக்கு பின்னால் இருக்கும் பலகை நல்ல இடம். ஒரிஜினல் பலகையை கழற்றி பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவில் பிளைவுட் வெட்டி, அதில் ஓவல் ஸ்பீக்கரை கீழிருந்து மாட்டி, மேலே சத்தம் ஊடுருவும் மெல்லிய துணியை அதே கலரில் இழுத்து ஒட்டிவிடலாம். பார்த்தால் சாதாரண பலகை. முன்பக்கத்துக்கு 4 இஞ்ச் ஸ்பீக்கர், கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் சின்ன மரப்பெட்டியில். கருப்பு ரெக்சின் ஒட்டினால் நிழலோடு நிழலாக போய்விடும்.

கதவில் மாட்டலாமா? மாட்டலாம், ஆனால் ஒரிஜினல் டோர் பேடை வெட்டாதீர்கள். அதை வைத்து அளவெடுத்து புது பேட் செய்து அதில் மாட்டுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்துவிட்டு ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவதும் சகஜம். காகித கோன் ஸ்பீக்கர் அங்கே ஒரு மழைக்காலம் தாண்டாது.

பழைய ரேடியோவை தூக்கி போடாதீர்கள்

வண்டியோடு வந்த ரேடியோ இருந்தால் அதுதான் அழகே. ஒரு காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ளவே போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது, 1980-களில்தான் அது ஒழிந்தது. அப்போதே காரில் ரேடியோ வைத்திருந்த வண்டி என்றால் சும்மாவா!

ரேடியோ பாடினாலும் பாடாவிட்டாலும் அது இடத்தில் அப்படியே இருக்கட்டும். பாடுகிற ரேடியோ என்றால் அதன் பழைய ஸ்பீக்கரோடுதான் இணைப்பு இருக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்தாலோ, ஓம்ஸ் பொருந்தாத ஸ்பீக்கரை கொடுத்தாலோ உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும். இந்த ரேடியோவுக்கு உள்ளேயே வால்யூம் கண்ட்ரோலில் வயர் வைத்து போன் பாட்டை ஏற்றுபவர்களும் உண்டு. குமிழை திருகினால் பாட்டு கூடும், குறையும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேலைக்கு பழைய ரேடியோ தெரிந்த கை வேண்டும். ரிச்சி தெருவில் பொருள் கிடைக்கும், அந்த கை கிடைப்பதுதான் குறைந்துகொண்டே வருகிறது. செத்துப்போன ரேடியோ என்றால் உள்ளே இருக்கும் போர்டை கழற்றி கவரில் போட்டு வைத்துவிட்டு, காலி கூட்டுக்குள் புளூடூத் ரிசீவரை வைக்கலாம்.

'கொய்ங்' சத்தம் வருதா?

எல்லாம் மாட்டியாச்சு. வண்டியை ஸ்டார்ட் செய்தால் பாட்டோடு சேர்ந்து 'கொய்ங்ங்' என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதித்தால் அதுவும் ஏறுகிறது. இது டைனமோவின் வேலை. 'டிக் டிக்' என்று வந்தால் பிளக் வயரின் வேலை. டைனமோவில் ஒரு சப்ரஸர் கண்டன்சர், பிளக்குகளுக்கு ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். கரண்டு வயரை வண்டியின் ஒரு பக்கமும் பாட்டு வயரை மறுபக்கமும் கொண்டுபோனால் பாதி தொல்லை வராமலே போகும். எர்த் எல்லாம் ஒரே இடத்தில், பெயின்ட் சுரண்டிய வெறும் தகரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. பழைய வண்டியில் பாட்டு கேட்காததற்கு பாதி காரணம் வண்டி போடும் சத்தம்தான். கதவு பீடிங் ரப்பரை மாற்றி, தரை விரிப்புக்கு அடியில் தடியான பெல்ட் துணி போட்டு, கதவு தகரத்தின் உள்பக்கம் தார் ஷீட் ஒட்டினாலே சின்ன ஆம்ப் பெரிய ஆம்ப் மாதிரி கேட்கும். ஆம்புக்கு கொடுக்கும் காசில் கொஞ்சத்தை இதற்கு போடுகிறவர்தான் விவரமானவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு என்று தனி முறையை மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டு வந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புது பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய், மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய் என்று அந்த விதியில் சொல்லப்பட்டது. சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் ஆம்ப் வைப்பது இதில் வராது. ஆனால் தகரத்தை அறுத்து ஸ்பீக்கர் வைத்தவர் அதிகாரி முன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரலாம்.

வாடகைக்கு ஓட்டுபவர்கள் கவனிக்க: விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை தொழிலுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பழுது பார்க்க, பெட்ரோல் போட என்று குறிப்பிட்ட வேலைக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். கல்யாண சவாரியை நம்பி இருப்பவர் அந்த பிளேட்டுக்கு ஆசைப்படுவதற்கு முன்னால் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண மண்டப வாசலில்...

மண்டப வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்ஜினை ஆப் செய்துவிட்டு பாட்டு மட்டும் ஓட விடுவது வழக்கம். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றாலும், சத்தத்தை கூட்டி வைத்து நாலைந்து மணி நேரம் ஓடினால் செல்ப் எடுக்காமல் போகலாம். பேட்டரி பழசு என்றால் இரண்டு மணி நேரமே அதிகம். மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு வண்டியை தள்ளச் சொன்னால் மானம் போகும். பழைய அம்பாசிடரில் முன்னால் ஹேண்டில் போட்டு சுற்றி ஸ்டார்ட் செய்யும் வசதி உண்டு. அந்த இரும்பு ஹேண்டில் டிக்கியில் கிடக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வண்டியை கையில் கொடுத்ததும் உடனே காசை எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம். ஹெட்லைட்டை போட்டு, பாட்டை நன்றாக கூட்டி வைத்து, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பானட்டை திறந்து, ஆம்புக்கு போகும் புது வயரையும் பியூஸ் கூட்டையும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு என்றால் சரி. விரலை வைக்க முடியாத அளவுக்கு சுட்டால், பேட்டரியின் எர்த் வயரை அங்கேயே கழற்றிவிட்டு, மாட்டியவரை கூப்பிடுங்கள்.