சுதந்திர வர்த்தகமும் பீரங்கியும்: சேர் ஜோன் பௌரிங் பற்றிய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியாளரைக் கொடியோர், பண்பாளர் என இரு கூறாக வகுத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. மொழியறிவும் இலக்கிய ஈடுபாடும் உடையோர் பெரும்பாலும் இரண்டாவது கூற்றில் வைத்தே போற்றப்படுகின்றனர். இப்பாகுபாடு எத்துணை பொருத்தமற்றது என்பதை ஹொங்கொங்கின் நான்காவது தேசாதிபதியான சேர் ஜோன் பௌரிங்கின் (1792-1872) வாழ்க்கை உணர்த்துகின்றது.

எக்செற்றர் நகரில் கம்பளித்துணி வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர் பௌரிங். பயன்பாட்டுவாதச் சிந்தனையாளரான ஜெரமி பெந்தாமின் அணுக்கச் சீடரான அவர், 1824இல் வெளிவரத் தொடங்கிய 'வெஸ்ற்மினிஸ்ரர் றிவ்யூ' ஏட்டின் ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கினார். பெந்தாமின் எழுத்துக்களைப் பதினொரு தொகுதிகளாகப் பின்னர் வெளியிட்டவரும் அவரே. 1821க்கும் 1832க்கும் இடையில் ரஷ்ய, டச்சு, ஸ்பானிய, போலிஷ், செர்பிய, ஹங்கேரிய, செக் மொழிக் கவிதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்தார். செர்பியப் பாடல்கள் ஜேர்மன் மொழிபெயர்ப்புகளின் துணைகொண்டே பெயர்க்கப்பட்டன. எனினும், வல்லரசுகளின் கீழ் வாழ்ந்த சிறு தேசிய இனங்களின் பாடல்களை ஆங்கில வாசகருக்கு அறிமுகஞ் செய்தமை முற்போக்கான பணியே என்பதில் ஐயமில்லை.

இதே பௌரிங் சுதந்திர வர்த்தகத்தின் முதன்மைப் பிரசாரகராகவும் விளங்கினார். அதனை இயேசுவோடு ஒன்றெனக் கூறுமளவுக்கு அவரது பற்று சமய வேகம் பெற்றிருந்தது. 1835இல் பாராளுமன்றத்தில் உரையாற்றியபோது, இயந்திரத் துணியின் வருகையால் டாக்கா நெசவாளர் அடைந்த அழிவை அவரே எடுத்துக்காட்டினார். ஆயின், அதனை முன்னேற்றத்தின் தவிர்க்கவியலாத விலையெனவே கொண்டார். 1848இல் பிரசல்ஸில் சுதந்திர வர்த்தகம் பற்றி உரையாற்றிய கார்ல் மார்க்ஸ் இவ்வுரையை எடுத்தாண்டு, பௌரிங் தரும் தகவல்கள் சரியானவை என்பதையும், அவற்றைப் பூசிமெழுகும் சொற்களில் வர்க்க நலன் மறைந்திருப்பதையும் சுட்டினார். பௌரிங்கின் பிற்கால நடத்தைக்கான விளக்கம் இங்கேயே கிடைக்கின்றது எனலாம்.

1840களின் இறுதியில் ஏற்பட்ட வர்த்தக மந்தத்தில், வேல்ஸின் இரும்பு ஆலைகளில் அவர் இட்டிருந்த முதல் அழிந்தது. ஊதியம் தேடி 1849இல் கன்ரனிற் கொன்சல் பதவியை ஏற்ற அவர், 1854இல் ஹொங்கொங் தேசாதிபதியானார். அவரது மகன் ஒருவர், அபின் வாணிபத்தில் முன்னின்ற ஜார்டின் மதெசன் நிறுவனத்திற் பங்காளியாக இருந்தமையும் நோக்கற்பாலது.

1855 ஏப்ரலில் சீயத்துடன் அவர் செய்த ஒப்பந்தம் போரின்றியே நிறைவேறியது. இறக்குமதித் தீர்வை 3 சதவீதமாக வரையறுக்கப்பட்டது. பிரித்தானியப் பிரசைகள் சீய நீதிமன்றங்களுக்கன்றித் தம் கொன்சலுக்கே கட்டுப்பட்டனர். அபின் தீர்வையின்றி நுழைந்து, அரசின் குத்தகைக்காரருக்கு விற்கப்படலாயிற்று. சீயம் தன் தீர்வை உரிமையை 1920களிலேயே மீளப்பெற்றது.

கன்ரனில் அதே கொள்கை பீரங்கியின் துணையை நாடியது. 1856 ஒக்ரோபர் 8ஆம் நாள் 'அரோ' என்னும் கப்பலின் சீன மாலுமிகள் பன்னிருவரைச் சீன அதிகாரிகள் கைதுசெய்தனர். சீனர் ஒருவருக்குச் சொந்தமான அக்கப்பல் ஹொங்கொங்கிற் பதிவுபெற்றிருந்தது. ஆனால் அப்பதிவு செப்டெம்பர் 27ஆம் நாளே காலாவதியாகியிருந்தது. பிரித்தானியக் கொடியைப் பறக்கவிட அதற்கு உரிமையில்லை என்பதைக் கொன்சல் பார்க்ஸுக்கு எழுதிய கடிதத்திற் பௌரிங் ஒப்புக்கொண்டார். எனினும், சீனர் அதனை அறியாரென்ற துணிவில், கொடி அவமதிக்கப்பட்டதென்ற குற்றச்சாட்டை அவர் கைவிடவில்லை. மாலுமிகள் திருப்பி அனுப்பப்பட்ட பின்னரும் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. கன்ரன் நகருக்குள் நுழையும் உரிமையைப் பெறுவதற்கு இச்சம்பவம் வாய்ப்பாகக் கொள்ளப்பட்டது. இரண்டாம் அபின் போர் இவ்வாறு தொடங்கியது. 1857இல் 'நியூயோர்க் டெய்லி ரிபியூன்' ஏட்டில் எழுதிய மார்க்ஸ் இத்தாக்குதலை வன்மையாகக் கண்டித்தார்.

சுதந்திர வர்த்தகர் அனைவரும் இதனை ஆதரித்தனரல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. பௌரிங்கின் பழைய தோழரான றிச்சட் கொப்டன் கொணர்ந்த கண்டனத் தீர்மானம் 1857 மார்ச் 3ஆம் நாள் 16 வாக்குகளால் நிறைவேறியது. ஆயின், பிரதமர் பாமர்ஸ்டன் பாராளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலில் வென்றார். கொப்டன் தோற்றார், மன்செஸ்டரில் ஜோன் பிறைற்றும் தோற்றார். கிரிமியப் போரை எதிர்த்தமையும் அவர்களது தோல்விக்குக் காரணமாயினும், சுதந்திர வர்த்தகத்தின் தாயகமே அதன் சமாதான முகத்தை நிராகரித்தமை கருத்திற் கொள்ளத்தக்கது.

பௌரிங் தம் இலட்சியங்களைக் கைவிட்டுவிட்டார் எனக் கூறுவது எளிது. அது உண்மையன்று. ஹொங்கொங் சட்டசபையிற் சொத்துத் தகுதியின் அடிப்படையில், இனபேதமின்றித் தெரிவாகும் உறுப்பினரைச் சேர்க்க 1855இல் அவர் முன்மொழிந்தார். இலண்டனே அதனை மறுத்தது. தாராளவாதம் அவரிடம் இறுதிவரை இருந்தது. சந்தையின் விரிவே மனிதகுல விடுதலையெனக் கொண்ட அத்தத்துவம், சந்தைக்குக் கதவடைக்கும் மக்களை விடுதலையின் பகைவராகவே காணமுடிந்தது. டாக்கா நெசவாளரின் அழிவைப் பொறுத்துக்கொண்ட தர்க்கமே கன்ரனின் அழிவையும் பொறுத்துக்கொண்டது.

பௌரிங்கை அடுத்து ஹொங்கொங் தேசாதிபதியான சேர் ஹேர்குலிஸ் றொபின்சனே 1865 முதல் 1872 வரை இலங்கையையும் ஆண்டவர் என்பது, நாம் பேசுவது தொலைதூரக் கதையன்று என்பதை நினைவூட்டும். குடியேற்ற ஆட்சியாளரின் மொழி, இலக்கியப் பணிகளை மதிப்பிடும்போது அவற்றின் பயனை மறுக்கவேண்டியதில்லை; அப்பணிகளை அவர்களது ஆட்சிப் பணியினின்றும் பிரித்தெடுத்துப் போற்றுவதே தவறாகும்.