சுவரை முதலில் அடித்தால் செலவு இரண்டு மடங்கு

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சுவருக்கு இரண்டாவது கோட்டும் முடிந்த பிறகு சீலிங்கில் ரோலர் ஓட்டுகிறார்கள். புதுச் சுவரெல்லாம் வெள்ளைத் துளி. "டச்சப் பண்ணிடலாம்" என்பார் பெயிண்டர். டச்சப் செய்த இடம் ஜன்னல் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். முழுச் சுவரையும் மறுபடி அடிப்பது யார் செலவில்? அதைக் கேட்க வீட்டுக்காரர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

வரிசை ரொம்ப எளிது: மேலிருந்து கீழே. ஒழுகல் அடைப்பது, வயரிங்குக்குச் சுவர் வெட்டுவது எல்லாம் முதலில் முடிய வேண்டும். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர். கதவு, ஜன்னலைத் தேய்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே. சுவர் முடிந்தபின் தேய்த்தால் தூசி முழுக்க ஈரப் பெயிண்டில் ஒட்டும். அடுத்து சீலிங், முழுமையாக. சுவருக்கு முதல் கோட். கதவு, ஜன்னல், கிரில்லுக்கு எனாமல். சுவரின் கடைசிக் கோட் அதற்குப் பின்தான். தரையை ஒட்டிய பட்டை எல்லாவற்றுக்கும் கடைசி. பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் இருப்பவர்கள் ஜூன், ஜூலை மழையில் இந்த வேலையையே தொடாதீர்கள். ஈரச் சுவரில் போட்ட பட்டி உப்புப் பூத்து உரியும். வரிசை சரியாக இருந்தும் பயனில்லை.

பழைய எனாமல் கதவில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த கதவைக் காய்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது. புது டப்பாவிலும் அந்த 90 பிபிஎம் வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி காகிதம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: எந்த அறை, எத்தனை கோட், எந்தக் கம்பெனி, எந்த நிற எண், மேலே சொன்ன வரிசை, எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம். இருவர் கையெழுத்து, தேதி. சீலிங் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த ரேட் பேசி வேலையை ஒப்படைத்தால் சட்டப்படி அது சேவை. குறை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாள் கூலிக்கு ஆள் வைத்து நீங்களே கூட நின்று வேலை வாங்கினால் அங்கே வழக்கு நிற்பது கடினம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தே ரேட் பேசுங்கள்.

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவர்களின் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. விலை குறைவு என்று பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ டப்பா வாங்குகிறோம், பில் இல்லாமல். நிறம் வெளுத்தால், தமிழ்நாட்டுக் கடைக்குக் கேரளத்தில் வழக்குப் போட முடியாது என்று யாராவது கிளப்பிவிடுகிறார்கள். முடியும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சித்தூர்க்காரருக்குப் பாலக்காடு மாவட்ட ஆணையம், மறையூர்க்காரருக்கு இடுக்கி மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பாருங்கள். தீரவில்லை என்றால் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ், அப்புறம் ஆணையம். இணையத்தில் கொடுக்கத் தெரியாதவர்கள் அக்ஷயா இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். ஆனால் பில் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், பில் வேண்டும்.

டப்பாவில் அளவு குறைந்தாலோ, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ லீகல் மெட்ராலஜி (எடை அளவு) அலுவலகத்துக்கு எழுதுங்கள். "மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா" என்று மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, 3ஆவது பிரிவு: மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில்தான் வர வேண்டும். ஐம்பது வருடம் தாண்டிய சட்டத்தை நாம்தான் அவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

பெயிண்டே மட்டம் என்று சொல்ல நினைத்தால் அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அனுப்பப் பொருள் இருந்தால்தானே! மிச்சப் பெயிண்டை மூடி இறுக்கி, பேட்ச் எண் அழியாமல், டப்பாவோடு பத்திரமாக வையுங்கள். புகாருக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. அதுவரை அந்த டப்பாவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.