இத்தாலியக் கறி உருண்டை: மென்மை தருவது பழைய பிரெட்தான்!

"கொத்துக்கறி உருண்டையை நல்லா வேகவெச்சா கல்லு மாதிரி ஆயிடுது. மெத்துனு இருக்கட்டும்னு சீக்கிரம் இறக்கினா உள்ளே சிவப்பா இருக்கு. என்னதான் டாக்டர் செய்றது?"

டி.வி.யில் இத்தாலி சமையலைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி இது. சித்த வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா என்று நினைக்காதீர்கள். வயிற்றுக்குள் போகிற எதுவும் வைத்தியனுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம்தான். அதுவும் பாதி வெந்த கொத்துக்கறியைக் குழந்தைக்குக் கொடுப்பது என்றால் நிச்சயம் சம்பந்தம் உண்டு!

இந்தக் கேள்விக்கு இத்தாலியப் பாட்டிமார்கள் எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். பாலில் ஊறிய பழைய பிரெட்!

இத்தாலியில் இந்த உருண்டைக்கு 'போல்பெத்தே' என்று பெயர். பெரிய விருந்துச் சமாசாரம் எதுவுமில்லை. மீந்ததை வீணாக்காத வீட்டின் பதார்த்தம். பெல்லெக்ரினோ அர்தூசி என்பவர் 1891-ல் வெளியிட்ட சமையல் புத்தகம் இத்தாலியக் குடும்பங்களில் மிகப் பிரபலம். அதில் இந்த உருண்டைக்கு அவர் முதலில் சொல்வதே, வேகவைத்து மீந்துபோன கறியைத்தான். அப்ருட்சோ என்ற மலைப்பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கறி வாங்க வசதியில்லாத வீடுகளில் பழைய பிரெட், சீஸ், முட்டை மூன்றையும் பிசைந்து உருட்டி, தக்காளி சாஸில் போட்டு வேகவைத்தார்கள். கறி துளியும் கிடையாது. இன்றைக்கு அதுவே அந்தப் பகுதியின் பெருமையான பதார்த்தம். முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

சரி, பிரெட் என்ன செய்கிறது? கறியில் இருக்கும் புரதம் சூட்டில் சுருங்கும். சுருங்கும்போது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளேயிருக்கும் சாற்றை வெளியே தள்ளிவிடும். வெறும் கறியை உருட்டி வேகவைத்தால் கல்லாவது இதனால்தான். பாலில் ஊறிய பிரெட் நடுவில் புகுந்துகொண்டால், கறித் துணுக்குகள் ஒன்றோடொன்று இறுக ஒட்ட முடியாது. பிரெட்டில் உள்ள மாவுச்சத்து ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, முழுக்க வேகவைத்தாலும் உருண்டை மெத்தென்றே இருக்கும். பிரெட் சேர்ப்பது கலப்படம் என்றும், சுத்தக் கறியில் செய்வதுதான் உசத்தி என்றும் சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

ஏன் முழுக்க வேகவேண்டும் என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்? முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். வெளிப்புறம் நன்றாக வெந்தாலே செத்துப்போகும். அரைக்கும்போதோ மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. கிருமியும் கூடவே போகிறது! 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத கொத்துக்கறி பர்கரைச் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நான்கு குழந்தைகள் இறந்தே போனார்கள். காரணம், ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஒரு கொடிய வகை. சின்னக் குழந்தைகளுக்கு அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். கர்ப்பிணிகள் வேகாத கறியைச் சாப்பிட்டால் வரும் ஒருவகை ஒட்டுண்ணித் தொற்று, வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். கொத்துக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்பது கணக்கு. கோழிக்கறியானால் 74. நிறத்தை மட்டும் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில சமயம் வேகுமுன்பே கறி பழுப்பாகிவிடும்.

இனி செய்முறைக்கு வருவோம். இத்தாலியர்கள் பெரும்பாலும் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்து செய்வார்கள். ஆட்டுக்கறியிலும் இதே முறைதான். அரை கிலோ கொத்துக்கறிக்கு, ஓரம் நீக்கிய பழைய பிரெட் 100 கிராம். முக்கால் டம்ளர் பாலில் பத்து நிமிஷம் ஊறவைத்து, லேசாகப் பிழிந்து, கையால் கூழாக மசித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டை, துருவிய சீஸ் 50 கிராம், நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி (நம் கொத்தமல்லியின் குடும்பம்தான்), மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சாதிக்காய்த்தூள் சேருங்கள். சாதிக்காய் சிட்டிகையோடு நிற்கட்டும், அளவு மிஞ்சினால் தலைசுற்றல், மயக்கம் தரும் சரக்கு அது. நேப்பிள்ஸ் பக்கம் உலர்ந்த திராட்சையும், பைன் மரக் கொட்டையும்கூடச் சேர்ப்பதுண்டு.

உப்பை அரை டீஸ்பூனோடு நிறுத்துங்கள். சீஸிலேயே உப்பு இருக்கிறது. ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று பச்சைக் கலவையை நாக்கில் வைக்கவே கூடாது! கொஞ்சம் கிள்ளி தோசைக்கல்லில் போட்டு வேகவைத்துப் பாருங்கள்.

சீஸ் பற்றி ஒரு வார்த்தை. பார்மா, ரெஜ்ஜோ பகுதிகளில் குறைந்தது 12 மாதம் பக்குவப்படுத்தித் தயாராகும் 'பார்மிஜானோ' சீஸில், பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைத்தான் சேர்க்கிறார்கள். அதனால் அது சைவம் ஆகாது. அப்ருட்சோ முறையில் கறியில்லாமல் செய்ய நினைக்கும் வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டும். தாவர நொதியில் தயாரித்தது என்று அட்டையில் போட்ட சீஸாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையும்போது சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிரெட் செய்த உதவியெல்லாம் வீண். விரல் நுனியால் கலந்து, கையை நனைத்துக்கொண்டு எலுமிச்சம்பழ அளவில் உருட்டுங்கள். சுமார் இருபது உருண்டை வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சிலர் பொரித்துவிட்டு சாஸில் போடுவார்கள். பல வீடுகளில் பொரிக்காமல் நேராகவே போட்டுவிடுவார்கள். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். எண்ணெய் மிச்சம், வயிற்றில் மந்தமும் குறைவு.

இப்போது சாஸ். தக்காளி இத்தாலியில் பிறந்ததே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் அதைச் சாப்பிடவே பயந்தார்களாம்! நேப்பிள்ஸில் 1690-களில் அச்சான அந்தோனியோ லத்தீனியின் புத்தகத்தில் தக்காளி சாஸ் வருகிறது. நம் பழைய சித்த நூல்களிலும் இந்தத் தக்காளி இருக்க வழியில்லை. அதன் உறவான மணத்தக்காளிதான் நமக்குப் பழைய சொந்தம்.

நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ. வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டுத் தோலை உரித்து நறுக்கிக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் நாலு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு இரண்டு பல்லை மெதுவாக வதக்குங்கள். பொன்னிறத்துக்கு மேல் போனால் கசக்கும். தக்காளியைப் போட்டு, உப்பு சேர்த்து இருபது நிமிஷம் கொதித்ததும் உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். மூடி போட்டு, சிறு தீயில் அரை மணி நேரம். முதல் பத்து நிமிஷம் கரண்டி போடாமல் பாத்திரத்தை மட்டும் அசையுங்கள், உடையாது. தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வெடிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நேப்பிள்ஸ்காரர்கள் 'பிப்பியாரே' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்!

இறக்கும்போது 'பாசில்' இலையைக் கிள்ளிப் போடுவார்கள். வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலைதான் அது. சப்ஜா விதை தரும் அதே செடி. வாசனை வகைக்கு வகை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்ற சத்து கொழுப்பில் கரைவது. பச்சைத் தக்காளியைவிட எண்ணெயில் வேகவைத்த தக்காளியிலிருந்து உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆனால் புளிப்பு இருப்பதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வர் அல்லது மண்சட்டி போதும். நெஞ்செரிச்சல்காரர்கள் இரவில் இதைத் தவிர்த்து மதியம் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: ஒரு கிலோ தக்காளி சுண்டும்போது அதிலுள்ள பொட்டாசியமும் அப்படியே சேர்ந்து நிற்கிறது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். யூரிக் அமிலம் கூடி மூட்டுவலி இருப்பவர்களுக்கும் சிவப்புக் கறி ஆகாது.

தட்டில் மலைபோல் ஸ்பகெட்டியைக் குவித்து மேலே உருண்டை வைப்பது, அமெரிக்காவுக்குக் குடிபோன இத்தாலியர்கள் உண்டாக்கிய பழக்கம். ஊரில் எட்டாத கறி அங்கே மலிவாகக் கிடைத்தது, உருண்டையும் பெருத்தது! இத்தாலியில் பெரும்பாலும் உருண்டை தனித் தட்டில்தான் வரும். மிச்ச சாஸை பிரெட்டால் வழித்துச் சாப்பிடுவார்கள். ஆளுக்கு மூன்று உருண்டை தாராளம். சின்னக் குழந்தைகளுக்கு முழுசாகத் தராமல் பிய்த்துக் கொடுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் தக்காளியைக் கூழாக்கி பாட்டிலில் அடைத்து வைப்பது அங்கே குடும்ப வழக்கம். அதைக் கேட்டுவிட்டு இந்தக் கறி சாஸை பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். வெறும் தக்காளிக்கு அதன் புளிப்பு காவல். கறி சேர்ந்தால் அந்தக் காவல் போதாது. காற்றில்லாத இடத்தில் விஷம் உண்டாக்கும் 'பொட்டுலிசம்' கிருமியின் விதை, சாதாரணக் கொதிக்கும் நீருக்குச் சாகாது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ருசி இன்னும் கூடும். கொதிக்கக் கொதிக்கச் சூடுபண்ணி மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும்.